மலையில் மழை, தோட்டத்தில் காற்று

ஆனி மாதத்துச் சாயங்காலம் வன்னியம்பட்டி விலக்கில் பேருந்தை விட்டு இறங்கி மேற்கே பார்த்தால் மலை இருக்கும் இடமே தெரியாது. முகடு முழுக்கக் கறுத்த மேகம் உட்கார்ந்திருக்கும். நடுநடுவே மின்னும். இந்தப் பக்கமோ செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று அடிக்கும். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். சென்னையிலோ திருப்பூரிலோ பதினைந்து வருடம் இருந்துவிட்டு, தாத்தா விட்டுப்போன பத்து சென்ட்டில் தோட்டம் போடலாம் என்று வந்திருப்பவர் டீக்கடையில் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "என்ன அண்ணாச்சி, மலையில இந்தப் போடு போடுது, நமக்கு எப்ப?" பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "அது கேரளாக்காரன் மழை தம்பி. நம்ம மழை கிழக்க இருந்துல்ல வரணும்."

அந்த ஒற்றை வரியில் ஒரு பாடப்புத்தக அத்தியாயமே இருக்கிறது. தோட்டம் போட நினைப்பவர் மண்ணைத் தொடுவதற்கு முன்னால் அதைப் புரிந்துகொண்டால், முதல் வருடத்து இழப்பில் பாதி மிச்சம்.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதியதும் அதற்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. உயரம் போகப் போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. ஈரம் இன்னும் துளியாகாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி குளிரும். துளியாகத் தொடங்கிவிட்டால், நீராவி தண்ணீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம் அந்தக் குளிர்ச்சியைக் கொஞ்சம் ஈடுகட்டும். அப்போது கிலோமீட்டருக்கு ஐந்தாறு டிகிரிதான் குறையும். மழையாகப் பெய்த ஈரம் அந்தப் பக்கமே தங்கிவிட, முகட்டைத் தாண்டிய காற்று இந்தப் பக்கம் இறங்குகிறது. இப்போது துளி இல்லை, மேகம் கரைகிறது, எனவே முழுசாகக் கிலோமீட்டருக்கு 10 டிகிரி சூடாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கேரளத்து அடிவாரத்தில் 28 டிகிரியில் கிளம்பிய காற்று, முதல் 500 மீட்டர் வறண்டும் அடுத்த 1,000 மீட்டர் மழை பெய்துகொண்டும் ஏறி, பிறகு 1,500 மீட்டர் இறங்கினால், நம் பக்கம் வந்து சேரும்போது 32 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஈரத்தைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதில் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வருகிறது. இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறோம்.

தெற்கே குற்றாலத்தில் அதே ஆனியில் சாரல் அடிக்கிறதே என்றால், அங்கே மலைத்தொடரில் ஆரியங்காவுக் கணவாய் என்ற இடைவெளி இருக்கிறது. ஈரக்காற்று அந்தச் சந்து வழியே நுழைந்துவிடுகிறது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே அப்படி ஒரு கதவு கிடையாது. நல்ல வருடத்தில் நாலு தூறல் விழும். விருதுநகர் மாவட்டத்துக்கு வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை; அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது.

ஊருக்குத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் வருகிறார்கள். பள்ளி விடுமுறை, கோயில் கொடை, வீடு காலி செய்வது எல்லாம் அப்போதுதான் தோதுப்படும். வந்த வாரமே விதைப் பொட்டலமும் நாற்றும் வாங்கி, பாத்தி கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறார்கள். வைகாசி வெயிலில் தப்பிய செடி ஆனிக் காற்றில் வாடுகிறது. "நமக்குக் கை ராசியில்லை" என்று மம்பட்டியைச் சாத்திவிடுகிறார்கள். கை ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வருடத்திலேயே காற்றுக்குத் தாகம் அதிகமான மாதங்களில், அதற்கு எதிரில் செடியை நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்தத் தாகத்தை எண்ணிச் சொல்லலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். நன்றாக வளர்ந்த காய்கறிப் பாத்தி, இலை வழியாகவும் மண் வழியாகவும் சாதாரண நாளில் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீரை இழக்கும். கோடையில், காற்றும் சேர்ந்தால், 7 மில்லிமீட்டர் வரை போகும். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஆக, ஒரு சென்ட்டுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர். 15 லிட்டர் வாளியில் பதின்மூன்று வாளி. கிணற்றிலிருந்தோ தொட்டியிலிருந்தோ பதின்மூன்று வாளியை ஒரு வாரம் தூக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை சென்ட் தோட்டம் போடலாம் என்று முடிவு செய்யுங்கள். ஒரு ஏக்கருக்குக் காய்கறி போடுவேன் என்கிறவருக்குத் தினம் 20,000 லிட்டர் வேண்டும். லாரித் தண்ணீர் என்றால் இரண்டு லாரி.

இப்போது வரவுப் பக்கம். 800 மில்லிமீட்டர் மழை ஒரு சென்ட்டில் மட்டும் விழுந்தால் வருடத்துக்குச் சுமார் 32,000 லிட்டர். நூறு நாள் காய்கறிக்குத் தேவை 20,000 லிட்டர். மழை போதவில்லை என்று நாம் சொல்லும் புகார் பாதிதான் உண்மை. வரவு இருக்கிறது, சம்பளம் மொத்தமும் ஒரே வாரத்தில் கைக்கு வந்து, அந்த வாரமே செலவழிந்துபோகிற குடும்பம் மாதிரி இருக்கிறது இந்த ஊரின் தண்ணீர்க் கணக்கு. ஐப்பசியில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்யும். ஒரு சென்ட்டுக்கு 2,000 லிட்டர். அதை எங்கே வைத்துக்கொள்வது?

மண்ணில்தான். தோட்டக்காரருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய தொட்டி அவர் காலடியில் இருக்கிறது. அந்தத் தொட்டியின் கொள்ளளவு மண்ணுக்கு மண் மாறும். மணல் கலந்த செம்மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு, செடி உறிஞ்சக்கூடிய வடிவில், ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் பிடித்துவைக்கும். கரிசல் 150 முதல் 200 வரை பிடிக்கும். கத்தரி, வெண்டையின் வேர் பெரும்பாலும் முதல் ஒன்றரை அடியில் இருப்பதால், செவக்காட்டில் அவற்றுக்குக் கிடைப்பது 40, 45 மில்லிமீட்டர். நாளுக்கு 5 என்று செலவழித்தால் எட்டொன்பது நாள் தாங்கும். கரிசலில் இரண்டு வாரம். "செவக்காட்டுக்கு மழை அடிக்கடி வேணும், கரிசலுக்கு ஒரு மழை பெருமழை" என்று இந்தப் பக்கத்துச் சம்சாரிகள் சொல்வதற்குப் பின்னால் இருக்கிற எண் இதுதான்.

மலையடிவாரத்தை ஒட்டி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செவலும் சரளையும் அதிகம். கிழக்கே சாத்தூர், அருப்புக்கோட்டையை நோக்கிப் போகப் போகக் கரிசல். இடையில் இருக்கும் ஊர்களில் ஒரே காட்டுக்குள் இரண்டும் கலந்து கிடப்பதும் உண்டு. உங்கள் மண் எது என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசையுங்கள். கொழுக்கட்டை பிடிக்க வராமல் உதிர்ந்தால் மணல். கொழுக்கட்டை வந்து, முறுக்காகத் திரிக்கும்போது உடைந்தால் இடைத்தரம். உடையாமல் நீளமாகத் திரிக்க வந்தால் களி. இன்னும் கொஞ்சம் துல்லியம் வேண்டுமென்றால், கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும், வண்டல் சில மணி நேரத்தில், களி படிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். மூன்று அடுக்கையும் அளவுகோல் வைத்து அளந்துவிடலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமே விட்டுவிடுங்கள். நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

இயற்கை வேளாண் கூட்டங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: மண்ணில் மட்கு ஒரு சதவீதம் கூடினால் ஏக்கருக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும் என்று. அந்த எண்ணை நான் நம்புவதில்லை. மட்கு கூடினால் பிடிக்கும் அளவு கூடுவது உண்மை, ஆனால் மேடையில் சொல்கிற அளவுக்கு இல்லை. மட்கின் பெரிய உதவி வேறு. அது மண்துகள்களைக் குருணை குருணையாக ஒட்டவைத்து, மழை உள்ளே இறங்க வழி விடுகிறது. செம்மண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம்: வெறும் மண்ணில் மழைத்துளி அடித்ததும் மேல்மண் கலங்கி, காய்ந்ததும் அப்பளம் போல் ஓடு கட்டிக்கொள்ளும். அடுத்த மழை அந்த ஓட்டின் மேல் வழிந்து ஓடை சேரும். துளி மண்ணை நேராக அடிக்காமல் தடுத்தாலே போதும், ஓடு கட்டாது. அதற்குத்தான் மூடாக்கு. சோளத்தட்டை, கடலைக்கொடி, காய்ந்த இலை, தென்னை மட்டை, எது கிடைத்தாலும் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பிவிடலாம். வெயிலில் வெறும் மண் தொட முடியாமல் சுடும்போது மூடாக்கின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். இந்த ஊர்க் காற்றுக்கும் அதுதான் மருந்து. ஈரமான மண்ணை உரசிக்கொண்டு போகக் காற்றுக்கு வாய்ப்பில்லாமல் செய்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. செவக்காட்டில் காய்ந்த மூடாக்கு என்றால் கறையானுக்கு விருந்து. செடியின் தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கறையானுக்குச் செத்த பொருள்தான் பிரியம். தின்ன வேறொன்றும் கிடைக்காதபோதும், செடி தண்ணீரில்லாமல் சோர்ந்தபோதும்தான் உயிருள்ள தண்டில் பெரும்பாலும் கை வைக்கும்.

வரப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புதியவர்கள் பாத்தியில்தான் கவனம் வைக்கிறார்கள். பழைய சம்சாரிகளின் கண் வரப்பில் இருக்கும். நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே முக்கால் அடி உயரத்துக்கு ஒரு வரப்பு இருந்தால், ஓடுகிற தண்ணீர் அரை நாளாவது நின்று இறங்கும். கூரையும் ஒரு வயல்தான். 500 சதுர அடி ஓட்டு வீட்டுக்கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால், சிதறியதும் சூட்டில் ஆவியானதும் போக 1,800 லிட்டர் கீழே வரும். 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒரே மழையில் நிறைந்து வழியும். வழிவதை வாழைக்குழிக்குத் திருப்பிவிடலாம். குளிக்கிற தண்ணீரும் அடுப்படித் தண்ணீரும் வாழைக்கும் கருவேப்பிலைக்கும் போவது நம் ஊரில் பழைய ஏற்பாடு. துணி துவைத்த தண்ணீரை மட்டும் விடாதீர்கள். சோப்புத்தூளில் உள்ள சோடியம் களித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்துவிடும். நாளடைவில் மண் சிமெண்டு போல் இறுகும்.

தெளிப்பதைப் பற்றி: தினமும் இரண்டு வேளை மேலாகத் தெளிக்கிற பழக்கம் செடிக்குச் செய்கிற கெடுதல். மேல் இரண்டு அங்குலம் மட்டும் நனைந்தால் வேரும் அங்கேயே பரவும்; ஒரு நாள் நீங்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டால் செடி செத்தது. நாற்று பிடித்த பிறகு மூன்று நாளைக்கு ஒரு முறை ஆழமாக விட்டுப் பழக்குங்கள். மண்பானை கிடைத்தால் பாத்தி நடுவில் கழுத்து வரை புதைத்து நிரப்பி மூடிவைக்கலாம். காய்ந்த மண் பானைச் சுவர் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஈரமானதும் இழுப்பது தானே குறையும். மின்சாரமும் இல்லை, குழாயும் இல்லை.

போர்த் தண்ணீரை நம்பி இருக்கிறவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா, பருப்பு வேக நேரமாகிறதா என்று அடுப்படியில் கேளுங்கள். ஆம் என்றால் தண்ணீரில் சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் மிகுதி. அதை ஊற்ற ஊற்ற மண்ணின் காரத்தன்மை ஏறும். கொஞ்ச நாளில் இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். "உரம் பத்தவில்லை" என்று நினைத்து யூரியாவைப் போடுவார்கள், அல்லது இன்னொரு கூடை எருவைக் கொட்டுவார்கள். இரண்டும் தவறான வைத்தியம். எந்த இலை வெளுக்கிறது என்று பார்ப்பதில்தான் சூட்சுமம். தழைச்சத்து செடிக்குள் இடம்பெயரக்கூடியது. பற்றாக்குறை வந்தால் கிழ இலையில் இருப்பதைப் பிடுங்கிக் குருத்துக்கு அனுப்பும். எனவே முதலில் மஞ்சளாவது அடி இலை. இரும்புச்சத்து ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் நகராது. பற்றாக்குறை முதலில் தெரிவது குருத்தில். வேடிக்கை என்னவென்றால், செம்மண்ணின் சிவப்பே இரும்புத் துருதான். காலடியில் இரும்பு குவிந்து கிடக்க, செடி இரும்பில்லாமல் வெளுக்கிறது. கார மண்ணில் இரும்பு கரையாது. கரையாததை வேர் குடிக்க முடியாது. நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பதுதான் இரும்பு சல்பேட். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, சாயங்காலம் இலையில் தெளித்தால் ஒரு வாரத்தில் குருத்து பச்சை கட்டும். மழைத் தண்ணீரைச் சேர்த்துவைத்து இடையிடையே விடுவது நிரந்தர மருந்து.

தண்ணீரின் உப்பை ஒரு முறையாவது அளந்து பார்த்துவிடுவது நல்லது. மண்ணையும் அப்படியே. அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் பருத்தி ரகங்களுக்குப் பெயர் கொடுத்த நிலையம். எங்கே, எப்போது மண் மாதிரி வாங்குகிறார்கள் என்பதை ஊர் வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டால் தெரியும். தண்ணீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2.25 டெசிசீமன்ஸைத் தாண்டியிருந்தால் பீன்ஸ், வெங்காயத்தை மறந்துவிடுங்கள். பருத்தியும் தென்னையும் அதைவிட நன்றாகத் தாங்கும். மண் அட்டையில் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்து "குறைவு" என்று எழுதியிருந்தால் மனம் தளர வேண்டாம். வெயில் ஊரில் மட்கு எரிந்துபோகும் வேகம் அப்படி. பெரும்பாலான அட்டைகளில் அதைத்தான் பார்க்கிறோம்.

இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் 1960களில் வேலை பார்த்தது இங்கிருந்து தென்கிழக்கே, கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில். மானாவாரி உழவரிடம் காசே இல்லாதபோது காசு கொடுத்து வாங்கும் உரத்தையும் மருந்தையும் வைத்து ஆராய்ச்சி செய்வதில் என்ன பயன் என்ற கேள்வி அங்கேதான் அவருக்கு எழுந்தது, வேலையை விட்டார். பின்னாளில் அவர் பேரைச் சொல்லிப் பலர் பல கரைசல்களைப் பரப்பினார்கள். பஞ்சகவ்யமும் அமிர்தக்கரைசலும் செடிக்குத் தூண்டுதலாக இருக்கலாம். ஆனால் ஒரு கத்தரிச்செடி காய்த்து முடிக்கத் தேவைப்படும் சத்து முழுவதும் அந்தக் குவளைக்குள் இல்லை. எரு போடாமல் கரைசல் மட்டும் ஊற்றுவது, சோறு போடாமல் ரசம் மட்டும் ஊற்றுவது மாதிரி. அந்தக் கேள்வியையும் கரைசலையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். வாங்குகிற பொருளில் தொடங்காதே, உன் நிலத்தில் கிடப்பதில் தொடங்கு என்ற அந்தப் பாடம் இன்றைக்கும் புதியவருக்குப் பொருந்துகிறது.

கிடப்பதை எருவாக்கும் கணக்கும் சின்னதுதான். நுண்ணுயிர்களுக்குக் கரிமம் எரிபொருள், தழைச்சத்து உடம்பு. 25, 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் வேகமாக வேலை செய்யும். குவியலுக்குள் 55, 60 டிகிரி வரை சூடேறி, களை விதைகூட வெந்துபோகும். காய்ந்த சருகில் கரிமம் 50, 60 பங்கு. மாட்டுச்சாணத்தில் 20 பங்கு அளவில். பச்சைத் தழையிலும் ஏறக்குறைய அப்படியே. சருகையும் சாணத்தையும் பச்சைத் தழையையும் மாற்றி மாற்றி அடுக்கினால் கணக்கு தானாக ஒத்துவரும். பச்சைத் தென்னைநார்க் கழிவில் கரிமம் 100 பங்குக்கு மேல். தென்னை அதிகமுள்ள ஊர் என்பதால் அது சும்மாவே கிடைக்கும், அப்படியே பாத்தியில் கொத்திவிடுவார்கள். நுண்ணுயிர்கள் அதைத் தின்பதற்காக மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும். செடி மஞ்சளாகி நிற்கும். மேலே மூடாக்காகப் போடலாம், உள்ளே புதைக்கக் கூடாது. ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் பக்கத்துக் காட்டுக்கு வந்தால் இரண்டு ராத்திரி உங்கள் நிலத்திலும் அடைக்கச் சொல்லுங்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் சேரும்; எருக்குழியைவிடச் சுலபம்.

சரி, எதை விதைப்பது? முதல் விதை கீரை. தண்டங்கீரையும் சிறுகீரையும் ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும். தோற்றாலும் இழப்பு கைப்பிடி விதை. அடுத்து வெண்டை, கொத்தவரை. இரண்டும் வெயிலுக்கு அஞ்சாதவை. தண்ணீர் கையில் இருக்கிறவர்களுக்கு ஆடிப்பட்டம். மழையை மட்டும் நம்புகிறவர்களுக்குப் புரட்டாசிதான் பட்டம். முருங்கை வேண்டுமென்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 விதையில் முளைத்து ஆறு மாதத்தில் காய்க்கும். ஆனால் முருங்கைக் கொம்புக்குக் காற்று என்றால் பயம். இடுப்பளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிப் படரவிடுங்கள். எந்த விதையையும் பத்து எண்ணி ஈரத்துணியில் முடிந்துவைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிட்டு விதைப்பது நல்லது. ஐந்துக்குக் கீழே முளைத்தால் கடைக்காரரிடம் சண்டை போட நேரம் இருக்கிறது. பாத்தி காய்ந்த பிறகு இருக்காது.

தக்காளியில் தொடங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 24, 25க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். செடி கொழுகொழுவென்று நிற்கும், பூக்கும், பூ உதிரும். கார்த்திகையில் நட்டால் மார்கழி, தை குளிரில் அதே செடி தாங்க முடியாமல் காய்க்கும்.

"பூக்குது, காய்க்க மாட்டேங்குது" என்ற புகார் பூசணி, சுரை, பீர்க்கு, வெள்ளரி எல்லாவற்றிலும் வரும். இந்தக் குடும்பத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதல் பத்துப் பதினைந்து நாள் பெரும்பாலும் ஆண் பூதான் பூக்கும்; காயைத் தாங்க இன்னும் பலமில்லாத செடி செலவு குறைந்த பூவில் ஆரம்பிக்கிறது. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் வடிவம் இருக்கும்; பார்த்தாலே தெரியும். பூசணி விடியலில் மலர்கிறது. தேனீக்கு ஏற்ற நேரம். சுரையும் புடலையும் அந்தியில் மலர்கின்றன. வெள்ளைப் பூ, இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்காக. பூச்சி வரவில்லை என்றால் ஆண் பூவைப் பறித்து நீங்களே பெண் பூவில் தொட்டுவிடலாம். சுரைக்கு அதைக் காலையில் செய்கிறவர்கள் ஏமாறுவார்கள்; அந்திக்குப் பிறகு செய்ய வேண்டும்.

தேனீக்கு நிரந்தர வேலை வேண்டும் என்றால் வரப்போரம் துளசியும் செவ்வந்தியும் நிற்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருந்துகொண்டு துளசிக்கு வேறு சிபாரிசு தேடவேண்டியதில்லை. பெரியாழ்வாரின் அன்றாட வேலையே நந்தவனம் வைத்து மாலை கட்டுவது. ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்வதும் அந்தத் துளசிப் பாத்தியில்தான். இந்த ஊருக்குத் தோட்டக்காரர் மேல் எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

மயில்களுக்கு அந்த மரியாதை கிடையாது. மலையடிவாரத்துக் கிராமங்களில் முளைவிட்ட விதைக்கு முதல் எதிரி மயில், வளர்ந்த செடிக்கு வெள்ளாடு, கிழங்குக்குக் காட்டுப்பன்றி. மேற்கே இருக்கும் காடு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம். அங்கிருந்து மாந்தோப்புக்கு யானையும் இறங்கும். மயிலும் யானையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பட்டியலில் இருப்பவை. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது குற்றம் மட்டுமல்ல, முதலில் சாவது பெரும்பாலும் நம் வீட்டு ஆளோ பக்கத்து வீட்டு ஆடோதான். விதைத்த பாத்தியின் மேல் பழைய வலையோ முள்ளோ மூன்று வாரம் கிடந்தால் மயில் வேறிடம் பார்க்கும். ஆட்டுக்குக் கிளுவை வேலி. கிளுவைப் போத்துகளை ஒரு முழ இடைவெளியில் மழைக்கு முன் நட்டால், மழையில் வேர்பிடித்து இரண்டு வருடத்தில் ஆள் புகாத வேலி, காற்றையும் வடிகட்டும். கற்சுவர் காற்றைத் தூக்கி எறிந்து மறுபக்கம் சுழலவிடும். உயிர்வேலி அதைச் சல்லடை போலப் பிரித்து வேகத்தைக் குறைக்கும். அவசரத்துக்குச் சீமைக்கருவை முள்ளை வெட்டிப் போடலாம், அந்த மரத்தை மட்டும் உள்ளே முளைக்க விடாதீர்கள். பெயரிலேயே வன்னியைச் சுமக்கும் ஊரில் ஒரு வன்னி மரத்தை மூலையில் வைப்பது நல்லது. சீமைக்கருவைக்கு உறவுதான், குணம் வேறு. ராஜஸ்தானில் அதன் அடியிலேயே கம்பு விதைக்கிறார்கள்.

கோழி இரண்டாம் வருடம். முதல் வருடமே வாங்கினால் அவை உங்கள் மூடாக்கைக் கிளறிப் பாத்தியைப் பாழாக்கும். வாங்கும்போது குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விட மறக்காதீர்கள். வெள்ளைக் கழிச்சல் வந்தால் மொத்தக் கூடும் ஒரே வாரத்தில் காலி. மாடு பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். பால்கோவா ஊர் என்ற ஆசையில் மாடு வாங்கியவர்கள் தோட்டத்துக்கு நேரமில்லாமல் தீவனத்துக்கு அலைவதைப் பார்க்கிறேன்.

இதைப் படிக்கும்போது மலையில் மேகம் உட்கார்ந்து உங்கள் பக்கம் புழுதி பறந்துகொண்டிருந்தால், விதைக்கடைக்குப் போகாதீர்கள். பத்து சென்ட்டில் ஒன்பதை அப்படியே விட்டுவிட்டு, ஒரு சென்ட்டை அளந்து முளைக்குச்சி அடியுங்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போடுங்கள். கிடைக்கிற சருகையெல்லாம் கொண்டுவந்து பரப்புங்கள். வீட்டுக்கூரைக்கு ஒரு தகரத் தூம்பும் தொட்டியும் வையுங்கள். புரட்டாசி பிறக்குமுன் இவ்வளவும் முடிந்திருக்க வேண்டும். கிழக்கே இடி கேட்ட பிறகு வாங்கினாலும் கீரை விதை கிடைக்கும்.